அண்ணாச்சிக் கடைகளுக்குச் சொந்தமாக ஒரு கிடங்கு

பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குச் சரக்கு என்ற வியாபாரம் பெருநகரங்களில் பரவியதிலிருந்து, மளிகைக் கடைகளின் எதிர்காலம் பற்றிய பேச்செல்லாம் வாசலைச் சுற்றியே நடக்கிறது. வேகம், செயலி, தள்ளுபடி, பைக்கில் விரையும் இளைஞர்கள். கடைக்காரர்களுக்குச் சொல்லப்படும் யோசனைகளும் அந்த வாசலைத் தாண்டுவதில்லை: வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்குங்கள், கியூஆர் அட்டை வையுங்கள், கடையைப் பளிச்சென்று மாற்றுங்கள், வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். தமிழ்நாட்டின் அண்ணாச்சிக் கடைகளில் பல இவற்றை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கின்றன. தெருமுனையில் இருப்பதால் வாடிக்கையாளருக்கு இரண்டு நிமிட நடை. போனில் சொன்னால் கடைப்பையன் கொண்டுவந்து கொடுப்பான். சம்பளம் வரும்வரை நோட்டில் கணக்கு எழுதிக்கொள்வார்கள். வாசலில் இந்தக் கடைகள் தோற்கவில்லை. கடைக்குள் சரக்கு வந்துசேரும் வழியில்தான் தோற்கின்றன. அந்த வழியைக் கடைக்காரர்கள் கூட்டாகத் தங்கள் சொந்தமாக்கிக்கொள்ளாதவரை, முகப்பில் செய்யும் சீர்திருத்தங்கள் எதுவும் அவர்களைக் காப்பாற்றாது என்பதே என் வாதம்.

ஒரு சராசரி மளிகைக் கடைக்குச் சரக்கு எப்படி வருகிறது? சோப்புக் கம்பெனிக்கு ஓர் ஏஜென்சி, பிஸ்கட் கம்பெனிக்கு வேறொன்று, டீத்தூளுக்கு, மசாலாவுக்கு, பற்பசைக்கு என்று தனித்தனி ஏஜென்சிகள். ஒவ்வோர் ஏஜென்சியின் சேல்ஸ்மேனும் தன் லைன் நாளில் வந்து ஆர்டர் எடுப்பார். ஓரிரு நாளில் அந்த ஏஜென்சியின் குட்டி யானை வரும். அதற்குத் தனி பில், தனித் தவணை. அரிசி மண்டியிலிருந்தோ ஆலையிலிருந்தோ மூட்டையாக வரும். பருப்புக்கும் எண்ணெய்க்கும் மொத்தக் கடை. காய்கறிக்கு விடியற்காலையில் கோயம்பேட்டுக்கோ மாட்டுத்தாவணிக்கோ யாராவது போயாக வேண்டும். முறுக்கும் அப்பளமும் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து இறங்கும். இத்தனை வரவுக்கும் ஆகும் செலவு எந்த பில்லிலும் தனி வரியாகத் தெரிவதில்லை. வாடிக்கையாளர் நிற்கும்போதே கடைக்காரர் ஒரு கையால் சரக்கை எண்ணி இறக்கி, மறுகையால் பணம் எண்ணிக் கொடுக்கிறார். ஸ்கீமில் ஒரு பெட்டி இலவசம் என்பதற்காக மூன்று மாதத்துக்கு விற்கும் ஷாம்புவை வாங்கி அடுக்குகிறார். அந்தப் பணம் அங்கேயே முடங்குகிறது. நன்றாக ஓடும் பொருள் புதன்கிழமை தீர்ந்துவிட்டால் அடுத்த லைன் நாள் வரை அலமாரி காலி. தேதி முடிந்த பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஏஜென்சி இழுத்தடிக்கிறது. பெரிய கம்பெனிப் பொருட்களில் கடைக்காரருக்கு நிற்கும் லாபம் பெரும்பாலும் பத்து விழுக்காட்டை ஒட்டியது. அதிலிருந்துதான் இந்தக் கசிவுகள் எல்லாம் போக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை போன்றவற்றின் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தபோது, பழைய விலையில் வாங்கிக் குவித்த சரக்குக்கு வித்தியாசத் தொகை யாரிடமிருந்து, எப்போது வரும் என்று ஒவ்வொரு கடையும் ஒவ்வோர் ஏஜென்சியிடமும் தனித்தனியே பேச வேண்டியதாயிற்று. வரி குறைந்தது நல்ல செய்திதான். அந்தச் செய்தியைக்கூடத் தனியாக நின்று சமாளிக்க வேண்டிய நிலையில் கடைக்காரர் இருந்தார்.

இதன் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் எங்கே பணம் போடுகிறார்கள் என்று பார்ப்போம். விரைவு டெலிவரி நிறுவனங்களின் 'டார்க் ஸ்டோர்' என்பது வாடிக்கையாளர் நுழையாத ஒரு குட்டிக் கிடங்கு. சுற்றியுள்ள இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் எந்தத் தெரு எந்தக் கிழமையில் எதை வாங்குகிறது என்ற கணக்கை வைத்து, பெரிய தாய்க் கிடங்கிலிருந்து அதற்குச் சரக்கு நிரப்பப்படுகிறது. ஐம்பது ஏஜென்சி வண்டிகள் அங்கே போய் நிற்பதில்லை. 2022-இல் சொமேட்டோ நிறுவனம் விரைவு டெலிவரி நிறுவனமான பிளிங்கிட்டை 4,447 கோடி ரூபாய் மதிப்புக்கு வாங்குவதாக அறிவித்தது. அந்நிய முதலீட்டு விதிகளின்படி, வெளிநாட்டவரின் கட்டுப்பாட்டில் உள்ள இணைய வணிக நிறுவனம் சந்தையாக மட்டுமே இயங்கலாம். சரக்கைத் தானே வாங்கி வைத்து விற்க முடியாது. இப்போது எடர்னல் என்று பெயர் மாறியுள்ள அந்த நிறுவனம், 2025 மே மாதம் தன் பங்குகளில் வெளிநாட்டவரின் உச்சவரம்பை 49.5 விழுக்காடாகக் குறைக்கப் பங்குதாரர்களின் ஒப்புதலைப் பெற்றது. தன் பங்கின் தேவை குறையக்கூடும் என்று தெரிந்தும் ஒரு நிறுவனம் இப்படிச் செய்வது ஏன்? சரக்கைத் தன் பெயரில், கம்பெனிகளிடமிருந்து நேரடியாக வாங்கி வைக்க வேண்டும் என்பதற்காக. போட்டியின் முடிவு கிடங்கில்தான் எழுதப்படுகிறது என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். பைக்கும் பத்து நிமிடமும் நம் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே.

சிறு கடைக்கு இத்தகைய கிடங்கு எட்டாத பொருள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஜப்பானின் அனுபவம் வேறு. 1974-இல் டோக்கியோவின் தொயோசு பகுதியில் அந்நாட்டின் முதல் செவன்-இலெவன் திறந்தது. ஒரு குடும்பம் நடத்திவந்த சிறிய மதுபானக் கடைதான் அப்படி மாறியது. சரக்கு வைக்கப் பின்னறை போதாத அந்தச் சின்னக் கடைக்கு ஆரம்பத்தில் நாளொன்றுக்குச் சுமார் 70 வண்டிகள் வந்தன. ஒவ்வோர் உற்பத்தியாளரும் தன் மொத்த வியாபாரி வழியாகத் தனி வண்டி அனுப்பும் வழக்கம் அங்கும் இருந்தது. போட்டிக் கம்பெனிகளின் பாலை ஒரே வண்டியில் ஏற்றுவதற்கே பல ஆண்டுப் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. பிறகு எந்தக் கம்பெனி என்று பார்க்காமல், எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்று பார்த்துச் சரக்கைப் பிரித்தார்கள்: உறைநிலைப் பொருள் ஒரு வண்டியில், குளிர்ப் பொருள் ஒரு வண்டியில், சோற்றுப் பொட்டலம் ஒரு வண்டியில். வட்டாரத்துக்கு ஒரு பொதுக் கிடங்கில் சேர்த்துப் பிரித்து அனுப்பியதில், கடைக்கு வரும் வண்டிகள் சுமார் 10 ஆகச் சுருங்கின. பெரிய பின்னறை இல்லாமலேயே ஒரு சிறு கடை எப்போதும் நிரம்பிய அலமாரியோடு இருக்க முடிந்ததற்கு இதுவே காரணம்.

ஆனால் இந்த உதாரணத்தை இங்கேயே நிறுத்திவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். அந்தக் கிடங்கும் வண்டியும் தகவலும் தலைமை நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தன. கடைக்காரர் உரிமத்தின் பேரில் கடை நடத்துபவர். தேதி முடியப்போகும் உணவை விலை குறைத்து விற்கக் கடைக்காரர்கள் முயன்றபோது தலைமை நிறுவனம் தடுத்தது. 2009-இல் ஜப்பானின் நியாய வணிக ஆணையம் அந்தத் தடையைக் கைவிடும்படி உத்தரவிட வேண்டியிருந்தது. 2019-இல் ஆள் பற்றாக்குறையால் இரவில் கடையை மூடிய ஒசாகா வட்டாரக் கடைக்காரர் ஒருவரின் ஒப்பந்தம் அந்த ஆண்டின் இறுதியில் ரத்தானது. கிடங்கு யாருடையதோ, கடை முடிவில் அவருடையதாகிவிடுகிறது. ஆகவே கிடங்கு வேண்டும் என்று சொல்வது போதாது, அது கடைக்காரர்களின் உடைமையாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

அதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1898-இல் பெர்லினின் ஹாலெஷெஸ் டோர் பகுதியைச் சேர்ந்த 21 மளிகை வியாபாரிகள் சேர்ந்து கொள்முதல் செய்ய ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். சர்க்கரையையும் காப்பியையும் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கினால் மொத்த வியாபாரி சொன்னதே விலை. சேர்த்து வாங்கினால் பேரம் பேசலாம் என்ற எளிய கணக்கு. 1907-இல் இப்படிப்பட்ட சங்கங்கள் ஒன்றுகூடி உருவாக்கிய எடேகா, இன்று ஜெர்மனியின் மிகப் பெரிய உணவுப்பொருள் விற்பனைக் குழுமம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தனிக் கடைக்காரர்கள் அதன் அடித்தளமாக இருக்கிறார்கள். வட்டாரக் கிடங்குகள் அவர்களுடைய கூட்டுறவின் கீழ் இயங்குகின்றன. 1932-இல் நெதர்லாந்தில் தொடங்கிய ஸ்பாரும் தனிக் கடைக்காரர்களையும் மொத்த வியாபாரியையும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்து வளர்ந்ததுதான். இன்றைய எடேகா கடைகள் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள், நம் தெருக்கடை அளவினவல்ல என்பது உண்மை. அவை அந்த அளவுக்கு வளர முடிந்ததே அந்தக் கூட்டுக் கொள்முதலால்தான்.

தமிழ்நாட்டுக்குக் கூட்டுறவு புதிதல்ல. நுகர்வோர் கூடி நடத்திய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இல் தோன்றியது. பால் உற்பத்தியாளர்களின் கூட்டுறவான ஆவின், பொழுது விடியுமுன் கடைகளுக்குப் பாலைச் சேர்க்கிறது. சேலத்தில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான ஜவ்வரிசி, மரவள்ளி மாவு ஆலைக்காரர்கள் 1981-இல் சேகோசர்வ் என்ற சங்கத்தை அமைத்து, பொதுக் கிடங்கில் சரக்கை வைத்துப் பொது ஏலத்தில் விற்கிறார்கள். அரசின் பொது விநியோகம் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகளுக்கு, 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நியாயவிலைக் கடைகள் வழியாக, மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சர்க்கரையும் கொண்டுசேர்க்கிறது. வாங்குபவர் கூடியிருக்கிறார், உற்பத்தி செய்பவர் கூடியிருக்கிறார், அரசும் தன் பங்குக்கு நடத்துகிறது. இடையில் நிற்கும் கடைக்காரரின் கூட்டுக் கொள்முதல் மட்டும் இங்கே பெரிய அளவில் வேரூன்றவில்லை. ஒற்றுமை இல்லாததால் என்று சொல்ல முடியாது. ஆண்டுதோறும் மே 5-ஆம் தேதி வணிகர் தினத்தில் கடையடைத்து மாநாடு கூட்டும் அமைப்புகள் அவர்களிடம் உண்டு. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து 2017 மார்ச் 1 முதல் பன்னாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தபோது ஏராளமான கடைகள் அதை ஏற்றன. ஒன்றை விற்க மறுப்பதில் காட்டிய அந்த ஒழுங்கைச் சேர்ந்து வாங்குவதில் காட்டவில்லை என்பதே குறை.

அரசின் தரப்பிலிருந்து வந்த பெரிய முயற்சியும் வாசலைத்தான் பார்த்தது. மத்திய அரசின் ஆதரவில் உருவான ஓஎன்டிசி என்ற திறந்த இணைய வணிக வலையமைப்பு, 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது. கோயம்புத்தூர் அவற்றில் ஒன்று. எந்தச் செயலியில் தேடினாலும் எந்தக் கடையின் பொருளும் கிடைக்கலாம் என்பது நல்ல நோக்கம், அதை மதிக்கிறேன். ஆனால் கடையில் இல்லாத பொருளை எந்த வலையமைப்பும் விற்றுத் தராது. அலமாரியில் சரக்கு இருக்குமா, என்ன விலைக்கு வந்தது, எத்தனை நாள் பழையது என்ற கேள்விகள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கின்றன.

கடைக்காரர்களின் கூட்டுக் கிடங்குக்குப் பெரிய கம்பெனிகள் சரக்குக் கொடுக்குமா என்பது நியாயமான முதல் கேள்வி. இந்தப் பகுதிக்கு இந்த ஏஜென்சி என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் கொடுக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆகவே தொடங்க வேண்டிய இடம் அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய், புளி, வெல்லம். இவற்றில் பெரும்பாலும் ஏஜென்சி எல்லைகள் இல்லை, கம்பெனி அச்சடித்த விலையும் இல்லை. மளிகைச் சீட்டில் முதலில் எழுதப்படுபவையும் இவைதான். விருதுநகரின் பருப்பு, காங்கேயத்தின், செங்குன்றத்தின் அரிசி ஆலைகள், ஈரோட்டு மஞ்சள், பண்ருட்டி முந்திரி என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே இந்தச் சந்தைகள் இருக்கின்றன. நூறு கடைகள் சேர்ந்தால் ஒரு லாரி துவரம்பருப்பை நேரடியாக இறக்கலாம், தரம் பார்த்துத் திருப்பி அனுப்பலாம், ஒரே வண்டியில் வாரம் மூன்று முறை கடைகளுக்குச் சேர்க்கலாம். சங்கத்தின் பெயரில் பாக்கெட் போட்டு விற்க விரும்பினால், 2022 ஜூலை முதல் லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புச் சிப்பங்களுக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அரிசியையும் பருப்பையும் மூட்டையாக வாங்கி உதிரியாக விற்பதற்கு அது இல்லை. இந்தச் சரக்கு சீராக ஓடத் தொடங்கியபின், பிஸ்கட் கம்பெனியோடு பேசும் குரல் தானாகவே மாறும். நூறு கடைக்கு ஒரே இடத்தில் இறக்கலாம் என்பது கம்பெனிக்கும் மிச்சம். அப்போதும் மறுத்து, விரைவு டெலிவரி நிறுவனங்களுக்கு மட்டும் குறைந்த விலையில் கொடுத்தால், சரக்குத் தர மறுப்பதையும் பிரத்யேக விநியோக ஒப்பந்தங்களையும் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்கீழ் கேள்வி கேட்க முடியும். தனிக் கடைக்காரர் அந்தப் படியேற மாட்டார், சங்கம் ஏறும்.

ஏஜென்சிக்காரர்கள் என்ன ஆவார்கள்? அவர்களும் சிறு முதலாளிகள், அவர்களிடம் வேலை செய்பவர்கள் ஏராளம். கம்பெனிகள் மொத்த விற்பனைச் செயலிகளுக்குக் குறைந்த விலை கொடுப்பதை எதிர்த்து, 2022-இன் தொடக்கத்தில் மகாராஷ்டிர விநியோகஸ்தர்கள் சில பொருட்களின் விநியோகத்தையே நிறுத்திப் போராடினார்கள். அவர்களுடைய இடத்தைத் தின்றுகொண்டிருப்பது கடைக்காரர்களின் கூட்டமைப்பு அல்ல. கிடங்கு, வண்டி, பதிவேடு, வசூல் அனுபவம் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கின்றன. ஒரு நகரத்தில் பத்து ஏஜென்சிகள் பத்து வண்டி ஓட்டுவதற்குப் பதிலாக, சங்கத்தோடு ஒப்பந்தம் செய்து பொது வண்டியை ஓட்டலாம், கிடங்கின் ஒரு பகுதியை நிர்வகிக்கலாம். அவர்களைப் பகைத்துக்கொண்டு இந்த முயற்சி வெற்றி பெறும் என்று நான் நம்பவில்லை.

இன்னொரு தரப்பு, இதையெல்லாம் தனியார் ஏற்கெனவே செய்கிறார்களே என்கிறது. உடான் போன்ற மொத்த விற்பனைச் செயலிகளும் மெட்ரோ போன்ற பெரிய மொத்தக் கடைகளும் இருக்கத்தான் செய்கின்றன. கடைக்காரர்கள் பயன்படுத்தவும் செய்கிறார்கள். ஆனால் மெட்ரோவின் இந்திய வணிகத்தை 2023-இல் ரிலையன்ஸ் வாங்கிவிட்டது. தானே ஆயிரக்கணக்கில் சில்லறைக் கடைகள் நடத்தும் ஒரு குழுமத்திடம், தன் தெருவில் என்ன விற்கிறது என்ற முழுக் கணக்கையும் ஒவ்வோர் ஆர்டராகக் கொடுக்கும் நிலைக்கு அண்ணாச்சிக் கடை போகக் கூடாது. கிடங்கும் தகவலும் பிறர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஜப்பானில் பார்த்தோம்.

கூட்டுறவு என்றாலே நட்டமும் அரசியலும்தானே என்ற அலுப்பு, எதிர்ப்புகளிலேயே மிகவும் வலுவானது. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. தேர்தல் நடக்காத சங்கங்கள், ஆட்சி மாறியதும் மாறும் தலைவர்கள், வசூலாகாத கடன் என்று நாம் பார்த்தவை ஏராளம். மளிகைக் கடைக்காரர்களின் சங்கம் அந்த வழியில் போகாமலிருக்க இரண்டு விஷயங்களில் கண்டிப்பு வேண்டும் என்று நினைக்கிறேன். கடன் விற்பனை கூடாது. உறுப்பினர் கடை குறிப்பிட்ட நாளுக்குள் முன்பணம் கட்டாவிட்டால் அடுத்த வண்டியில் அந்தக் கடைக்குச் சரக்கு இருக்கக் கூடாது. ஏஜென்சிகள் ஒரு வாரம், இரண்டு வாரம் தவணை தருகின்றன என்பதால் இது கடைக்காரருக்குச் சுமைதான். அதைச் சரிசெய்ய வேண்டியது கூட்டுறவு வங்கியின் நடைமுறை மூலதனக் கடன், கிடங்கின் சரக்கு அல்ல. மற்றது, அன்றாட நிர்வாகம் சம்பளத்துக்கு அமர்த்திய மேலாளரிடம் இருக்க வேண்டும். தலைவர் பதவி கௌரவத்துக்காக இருக்கக் கூடாது. வெளியிலிருந்து எந்த அரசு முதலீடும் பெரும்பான்மைப் பங்காக நுழையவும் கூடாது. உறுப்பினர்கள் எல்லோரும் தினமும் அந்தக் கிடங்கிலேயே வாங்குபவர்கள் என்பது இதற்குள்ள இயல்பான பாதுகாப்பு. பருப்பில் கல் இருந்தால் அடுத்த நாள் காலையே நூறு பேருக்குத் தெரிந்துவிடும்.

ஒரே கிடங்கை நம்பினால் அது நின்றால் எல்லாம் நிற்குமே என்ற அச்சத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. 2020 மே மாதம் கொரோனா தொற்றால் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறிச் சந்தை திருமழிசைக்கு மாறியபோது சென்னை முழுதும் அதை உணர்ந்தது. 1996 முதல் நகரின் காய்கறியெல்லாம் ஒரே வளாகத்தைச் சார்ந்திருந்ததன் விளைவு அது. எனவே மாநிலத்துக்கு ஒரு மாபெரும் கிடங்கு என்று கனவு காண்பது தவறு. தாலுகா அளவில், நூறு, இருநூறு கடைகளுக்கு ஒன்று என்று சிறியவையாக இருந்து, தேவைப்படும்போது ஒன்றுக்கொன்று சரக்கு கொடுத்து வாங்கிக்கொள்வதே பொருத்தம்.

வாங்கும் பொதுமக்களுக்கு இதில் என்ன அக்கறை, குறைந்த விலையில் வீட்டுக்கே வந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. முதியவர்களுக்கும் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் வீட்டு டெலிவரி பெரிய உதவி. அதை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் தள்ளுபடி முதலீட்டாளரின் பணத்தில் வருவது, முதலீட்டாளர் லாபம் கேட்கும் நாளில் அது நிற்கும். அந்த நாளில் தெருவில் வேறு கடை இருக்க வேண்டும். பைக் ஓட்டும் இளைஞர்களின் பாதுகாப்பை நிமிடக்கணக்கு வேகத்துக்கு ஈடுவைத்து நடக்கும் வியாபாரம் இது என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களைப் போன்ற தொழிலாளர்களுக்கெனத் தமிழ்நாட்டில் நல வாரியமும் அமைக்கப்பட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் செயலிகள் ஆண்டிபட்டிக்கும் அறந்தாங்கிக்கும் அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் சென்னை வேகத்தில் வரப்போவதில்லை. அங்கே மளிகைக் கடைதான் கடைசி வரை இருக்கும். அந்தக் கடைக்கு ஒரு மூட்டை பருப்பு எத்தனை கைமாறி வருகிறதோ அத்தனை முறை விலையேறி, கூலித் தொழிலாளியின் குடும்பத்தின் தலையில் அது விழுகிறது. கூட்டுக் கிடங்கின் பலன் பெருநகரத்தைவிட அங்கேதான் அதிகம்.

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் காலியாகக் கிடக்கும் கிடங்குகளைக் கடைக்காரர் சங்கங்களுக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுக்கலாம். சங்கம் பதிவு செய்வதை விரைவாக்கி, மத்தியக் கூட்டுறவு வங்கிகள் வழியே முதல் மூன்றாண்டுகளுக்கு நடைமுறை மூலதனம் கொடுக்கலாம். காலை ஆறு மணிக்கு முன் சங்கத்தின் பொது வண்டிகள் கடைத்தெருவில் நின்று இறக்க இடம் ஒதுக்கலாம். மற்றது வணிகர் அமைப்புகளின் கையில் இருக்கிறது. அடுத்த வணிகர் தின மாநாட்டில் வழக்கமான கோரிக்கைத் தீர்மானங்களோடு, கோயம்புத்தூரிலும் விருதுநகரிலும் தலா நூறு கடைகளைச் சேர்த்து அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றுக்கு மட்டும் கூட்டுக் கொள்முதல் தொடங்குவது என்ற தீர்மானமும் நிறைவேறட்டும். ஓராண்டுக்குப் பின் இரண்டு கிடங்குகளின் தணிக்கை அறிக்கையையும், உறுப்பினர் கடைக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு என்ன விலைக்கு இறங்கியது என்ற கணக்கையும் மாநாட்டு மேடையிலேயே வாசிக்கட்டும். லாபமானாலும் நட்டமானாலும் எல்லாக் கடைக்காரருக்கும் தெரியும்படி வாசிக்கட்டும். மூன்றாவது ஊர் சேர்வதா இல்லையா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து அவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.